ஹாலோவீன் பார்ட்டி வச்ச அக்காவும் நம்ம வாட்ஸ்அப் குரூப்பும்

நீளமான பதிவுதான், பொறுமையா படிங்க. படிச்சிட்டுத் திட்டணும்னா நேரா என்னையே திட்டுங்க, பரவாயில்ல.

31 அக்டோபர், வெள்ளிக்கிழமை ராத்திரி. நம்ம கோயிலுக்கு வர்ற ஒரு அக்கா, அவங்க கொண்டோ ஃபங்ஷன் ரூம்ல ஹாலோவீன் பார்ட்டி வச்சாங்க. இருபது பிள்ளைங்க, கூடவே அவங்க அப்பா அம்மா. மறுநாள் காலையில அந்த ஃபோட்டோ ஒண்ணை யாரோ எடுத்து நம்ம தொண்டூழியர் குரூப்ல போட்டாங்க. மத்தியானத்துக்குள்ள என் ஃபோன் சூடாயிடுச்சு. "சாமிக்குப் பூ கட்டுற கையால பேய்க்கு விழா எடுக்கிறாங்க"ன்னு ஒருத்தர். "சஷ்டி முடிஞ்சு நாலு நாள்கூட ஆகல"ன்னு இன்னொருத்தர். இதெல்லாம்கூடப் பொறுத்துக்கலாம். "இவங்க பிள்ளைங்க திருமுறை வகுப்புக்கு வந்தா மத்த பிள்ளைங்களும் கெட்டுப்போகும்"னு ஒரு மெசேஜ் வந்தது பாருங்க, அதுக்கு ஒன்பது பேர் கை கூப்பி எமோஜி போட்டிருந்தீங்க.

அந்த அக்காவும் அதே குரூப்ல இருக்காங்கன்னு யாருக்கும் தோணலையா? நாலு மணிக்கு அவங்க குரூப்பை விட்டு வெளியேறிட்டாங்க. ஞாயிற்றுக்கிழமை வகுப்புல அந்த ரெண்டு பிள்ளைங்க உட்கார்ற இடம் காலி.

எனக்கும் இதுல பங்கு இருக்கு. "ஹாலோவீன் சைத்தான் வழிபாடு, இந்துக்களே உஷார்"னு ஒரு ஃபார்வர்டு வருஷா வருஷம் சுத்துதே, போன வருஷம் அதை நானே நாலு குரூப்புக்கு அனுப்பினவன்தான். முழுசா படிக்காமலேயே அனுப்பினேன்.

இப்போ படிச்சுப் பார்த்தா அதுல பாதி கதை. நவம்பர் 1 கத்தோலிக்கர்களுக்கு அனைத்துப் புனிதர் பெருவிழா, மறுநாள் கல்லறைத் திருநாள். அந்தப் பெருவிழாவுக்கு முந்தின ராத்திரிதான் ஹாலோவீன். அதுக்கும் முன்னாடி அயர்லாந்து, ஸ்காட்லாந்து பக்கம் அறுவடை முடிஞ்சு குளிர்காலம் தொடங்குற நேரத்துல, செத்தவங்க ஆவி திரும்பி வரும்னு நம்பி ஒரு விழா இருந்துச்சு. அவங்க டர்னிப் கிழங்கைக் குடைஞ்சு விளக்கு வச்சாங்க. அமெரிக்காவுக்குப் போன ஐரிஷ்காரங்க அதையே பூசணிக்காய்ல செஞ்சாங்க. இன்னைக்கு அது பெரும்பாலும் சாக்லேட் வியாபாரம். ஃபேர்பிரைஸ்ல முறுக்கு டின்னுக்குப் பக்கத்து அடுக்குலயே பிளாஸ்டிக் எலும்புக்கூடு தொங்குது.

செத்தவங்க திரும்பி வர்ற நாள்னா நமக்கு என்ன புதுசா? மகாளய அமாவாசைக்கு நாம தர்ப்பணம் குடுக்கிறது யாருக்கு? ஏழாம் மாசம் வந்தா நம்ம புளோக்குக்குக் கீழேயே சீனர்கள் தாள் எரிக்கிறாங்க, கெத்தாய் மேடைக்கு முன்னாடி முதல் வரிசை நாற்காலியை ஆவிகளுக்குன்னு காலியா விடுறாங்க. நாம அதைச் சுத்திக்கிட்டு மரியாதையா நடந்து போறோம். யாரும் "உஷார்" மெசேஜ் அனுப்புறதில்ல. பக்கத்து வீட்டுக்காரங்களுக்குக் குடுக்கிற மரியாதையைக் கூட பூ கட்டுற அக்காவுக்கு நாம குடுக்கலையே.

"பிள்ளைங்க மனசுல பயங்கரமான உருவத்தைப் பதிய வைக்கலாமா?"ன்னு ஒரு அண்ணன் கேட்டிருந்தார். அண்ணே, கோவிச்சுக்காதீங்க. பெரியாச்சி சந்நிதி முன்னாடி நின்னு பார்த்திருக்கீங்களா? மடியில ஒரு பெண்ணைக் கிடத்தி, வயித்தைக் கிழிச்சு, குடலைக் கையில பிடிச்சிருக்கா. எந்த ஹாலோவீன் பொம்மையும் அதுக்குக் கிட்ட வர முடியாது. முப்பது நாள் கழிச்சுக் குழந்தையைத் தூக்கிக்கிட்டு நாம முதல்ல எங்கே போறோம்? அவ முன்னாடிதான். ஏன்னா அவ பிரசவத்தையும் குழந்தையையும் காக்கிற தாய்னு நமக்குத் தெரியும். காளிக்கு மண்டையோட்டு மாலை. முனீஸ்வரனுக்குச் சுருட்டு. சிவபெருமான் ஆடுறது சுடுகாட்டுல, கூட ஆடுறது பூதகணம். அறுபத்து மூவர் வரிசையில ஒருத்தர் மட்டும் எலும்பும் தோலுமா உட்கார்ந்திருக்காங்களே, காரைக்கால் அம்மையார், அவங்க அழகெல்லாம் வேணாம்னு பேய் உருவத்தைக் கேட்டு வாங்கினவங்க. அவங்களைத்தான் சிவன் "அம்மையே"ன்னு கூப்பிட்டார். அப்படிப்பட்ட சமயத்துல பிறந்துட்டு, பத்து வெள்ளி பிளாஸ்டிக் பல்லைப் பார்த்துப் பயப்படுறோமா?

இப்போ அந்த ஃபோட்டோ விஷயத்துக்கு வர்றேன். ஞாயிறு சாயங்காலம் அக்காவுக்கு ஃபோன் பண்ணினேன். மூணாவது தடவைதான் எடுத்தாங்க. வெள்ளிக்கிழமைங்கிறதால எல்லாமே சைவச் சாப்பாடு. பெரியவங்க ஒரு பக்கம் உட்கார்ந்து பேசிக்கிட்டு இருந்தாங்க, குடி கிடையாது. அன்னைக்குக் காலையில வேலைக்கு லீவு போட்டு, ஆறு மணிக்கெல்லாம் கோயிலுக்கு வந்து மாலை கட்டிக் குடுத்துட்டுத்தான் போயிருக்காங்க. அதை நம்மள்ல யாரும் ஃபோட்டோ எடுக்கல.

ஃபோட்டோல நடுவுல நிக்கிற சிவப்பு முகம், பெரிய மீசை. "சைத்தான் வேஷம், நெத்தியில விபூதி வேற, என்ன திமிர்"னு நீங்க திட்டின அந்தப் பையன். அது சைத்தான் இல்லங்க. சூரபத்மன். 27-ஆம் தேதி கோயில்ல சூரசம்ஹாரம் பார்த்துட்டுப் போய், மூணு நாளா அட்டையை வெட்டி ஒட்டிச் செஞ்சிருக்கான். பின்னாடி ஒரு யானை முகம், ஒரு சிங்க முகம். போற போக்குல கழட்டி மாட்டிக்கிட்டே இருந்தானாம். வந்த சீனப் பையன், மலாய்ப் பிள்ளை எல்லாரும் சுத்தி நின்னு "அடுத்த தலை எங்கே"ன்னு கேட்க, இவன் மாமரம் ஆனது, வேல் ரெண்டா பிளந்தது, மயிலும் சேவலுமா மாறினது எல்லாத்தையும் இங்கிலீஷ்ல சொல்லியிருக்கான். திருமுறை வகுப்புல வாயே திறக்காத பிள்ளைங்க அவன்.

அவன் எங்கே கத்துக்கிட்டான்? நம்ம கிட்டதான். ஆனா நாம அவனுக்கு என்ன இடம் குடுத்தோம்? அன்னைக்குச் சாயங்காலம் கயிறு பிடிச்சு நின்ன தொண்டூழியர்ல நானும் ஒருத்தன். முன்னாடி வந்த பிள்ளைங்களை "பின்னாடி போ, பின்னாடி போ"ன்னு தள்ளினேன். பெரியவங்க ஃபோனைத் தூக்கிப் பிடிச்சு வீடியோ எடுத்தாங்க. பிள்ளைங்களுக்குத் தெரிஞ்சது முதுகுதான். சூரன் தலை மாறுறப்போ ஒரு சின்னப் பொண்ணு "எனக்குத் தெரியல"ன்னு அழுதுச்சு, நான் "ஷ்ஷ்"னேன். ஹாலோவீன்ல அதே பிள்ளைக்கு ஒரு வேஷம் இருக்கு, ஒரு வேலை இருக்கு, கதவைத் தட்டினா திறக்க ஆள் இருக்கு. அப்புறம் பிள்ளைங்க ஏன் அங்கே ஓடுதுன்னு கமிட்டி கூட்டத்துல உட்கார்ந்து கேட்கிறோம்.

எல்லா ஹாலோவீன் பார்ட்டியும் சரின்னு நான் சொல்ல வரல. பிள்ளைங்க விளையாடுற இடத்துலயே பெரியவங்க தண்ணி அடிச்சிட்டு ஆடுற பார்ட்டியும் இருக்கு, அதுக்கு நான் போக மாட்டேன். 2008-ல ஹைடி க்ளும் என்கிற மாடல் காளி வேஷத்துல ஹாலோவீன் பார்ட்டிக்குப் போனாங்க. நாம கும்பிடுற தெய்வத்தைப் பார்ட்டி வேஷமா ஆக்கினா எதிர்க்கணும், நானும் எதிர்ப்பேன். ஆனா அதையும் அட்டைச் சூரனையும் ஒண்ணாப் போட்டுக் குழப்பாதீங்க.

2024-ல தீபாவளியும் ஹாலோவீனும் ஒரே நாள், 31 அக்டோபர். ராத்திரி எட்டு மணிக்கு எங்க வீட்டுக் கதவைத் தட்டி நாலு எலும்புக்கூடு நின்னுச்சு. எங்கம்மா அதுங்களைத் தீபாவளிக்கு வந்த விருந்தாளின்னு நினைச்சு உள்ளே கூப்பிட்டு, முறுக்கு குடுத்து, ஆளுக்கு ரெண்டு வெள்ளி கவர் வேற குடுத்து அனுப்பினாங்க. இந்த வருஷமும் அதே பிள்ளைங்க வந்துச்சு, "ஆன்ட்டி, முறுக்கு இருக்கா"ன்னு கேட்டுக்கிட்டு. ஃபார்வர்டு அனுப்பின நான் ஹால்ல உட்கார்ந்து பார்த்துக்கிட்டு இருந்தேன்.

அடுத்த வருஷம் தீபாவளி நவம்பர் 8. ஹாலோவீன் முன்னாடியே வந்துடும், சூரசம்ஹாரம் அதுக்கும் பின்னாடி. நமக்கு நேரம் இருக்கு. சூரன் படைக்கு முகமூடி செய்யுற வேலையைப் பிள்ளைங்க கிட்ட குடுக்கலாம், கயித்துக்கு முன்னாடி முதல் ரெண்டு வரிசையைப் பன்னெண்டு வயசுக்குக் கீழே உள்ளவங்களுக்கு ஒதுக்கலாம். கமிட்டிக்கு எழுதிக் குடுத்திருக்கேன். பெரியவங்க வீடியோ எடுக்க முடியாதேன்னு சண்டைக்கு வருவாங்க. வரட்டும்.

அந்த ஃபோட்டோவைப் போட்டவங்க தயவுசெஞ்சு இன்னைக்கே எடுத்துடுங்க. வகுப்பைப் பத்தி எழுதினவங்க அக்காவுக்கு நேரா ஃபோன் பண்ணுங்க, மெசேஜ் வேணாம். பையனோட தேவாரப் புத்தகம் வகுப்பு அலமாரியிலயே கிடந்துச்சு, எடுத்து வச்சிருக்கேன். வர்ற வெள்ளிக்கிழமை பூஜை முடிஞ்சதும் அவங்க வீட்டுக்குக் கொண்டுபோறேன். கூட வர்றவங்க ஏழரைக்கு மணிக்கூண்டு பக்கம் வந்து நில்லுங்க. அந்தச் சிங்க முகத்தை நான் இன்னும் நேர்ல பார்க்கல.