பிக்குகளின் சிரிப்பு



பட்டு எடுக்கக் காஞ்சிக்கு வருகிறவர்கள் கோயில்களையும் பார்த்துவிட்டுத்தான் ஊர் திரும்புகிறார்கள். இதே ஊரில் ஒரு மண்டையோட்டுக்காக நடந்த தெருச்சண்டையை எத்தனை பேர் அறிவார்கள்?

ஏழாம் நூற்றாண்டில் மகேந்திரவர்ம பல்லவன் எழுதிய ‘மத்தவிலாசப் பிரகசனம்’ என்ற சமஸ்கிருத நாடகத்தின் களம் காஞ்சிதான். குடிபோதையில் தன் பிச்சைப் பாத்திரமான மண்டையோட்டை, அதாவது கபாலத்தை, தொலைத்த காபாலிகன் என்ற சைவத் துறவி, அவ்வழியே வந்த நாகசேனன் என்ற பௌத்த பிக்குவைத் திருடன் என்று மடக்குகிறான். உண்மையில் அதைக் கவ்விக்கொண்டு போனது ஒரு நாய்.

நாகசேனனுக்கோ வேறு கவலை. மாளிகை, மெத்தை, முற்பகல் விருந்து எல்லாம் அனுமதித்த புத்தர் மதுவையும் மாதரையும் மட்டும் விட்டிருப்பாரா? கிழட்டுத் தேரர்கள்தாம் பொறாமையில் அவற்றை அனுமதித்த விதிகளை நீக்கியிருப்பார்கள். கலப்பில்லாத மூலநூல் எங்கே கிடைக்கும்?

விநயம் எனும் துறவற விதிநூலை ஓரளவாவது அறிந்தவனால்தான் இப்படிக் கிண்டல் செய்ய முடியும். அந்த விநயத்திலேயே சிரிப்பு உண்டு. கோசாம்பி நகரில் ஒருவர் பிக்குகளின் சங்கத்துக்குப் பால்பானம் அளித்தார். பிக்குகள் எல்லோரும் ‘சுருசுரு’ என்று உறிஞ்சிக் குடித்தார்கள். முன்பு கூத்தாடியாக இருந்த ஒரு பிக்கு, “சங்கம் முழுக்கக் குளிரில் நடுங்குகிறது போலிருக்கிறதே!” என்றார். புகார் புத்தரிடம் போயிற்று. சங்கத்தைக் கேலி செய்வது குற்றம் என்றார். சத்தமாக உறிஞ்சுவதற்கும் தடை போட்டார். ஆனால் அந்தக் கேலியை யாரும் நீக்கவில்லை. விதி எப்படிப் பிறந்தது என்று சொல்லும் சாக்கில் அதுவும் தலைமுறை தலைமுறையாக ஓதப்பட்டது. (பந்தியில் பாயசம் குடிக்கும் நம்மவர்களுக்கு அந்த விதி செல்லாது!)

அந்த ஓதல் காஞ்சியிலும் ஒலித்திருக்கும். பாலி உரையாசிரியர் புத்தகோசர் இந்த ஊரில் தங்கியிருந்ததைத் தம் உரையொன்றின் முடிவில் தாமே குறிப்பிடுகிறார். விநயத்தின் பெரிய உரையும் அவருடையது என்பதே மரபு.

மகேந்திரன் காபாலிகர், பாசுபதர் ஆகிய சைவத் துறவிகளையும் பௌத்தரையும் ஒருசேரக் கிண்டலடித்தான். அரசன், அவனைத் தட்டிக்கேட்க யார் இருந்தார்கள்? தங்கள் அசட்டுத்தனத்தைத் தங்கள் சட்டநூலிலேயே எழுதிவைத்த பிக்குகளுக்குத்தான் என் முதல் மாலை.

உங்கள் ஊர்க் கோயில், மடம், தறிக்கூடங்களில் வழங்கும் வேடிக்கைக் கதைகளை எங்களுக்கு எழுதியனுப்புங்கள். உங்களையே நீங்கள் கேலி செய்துகொண்டவை என்றால் முதலில் அச்சேறும்.

அன்புடன்,
ஆசிரியர்