சிங்கப்பூர் 4 மணி நேரம். எண்ணூர்லேர்ந்து எவ்வளவு?

1/ சென்னை – சிங்கப்பூர் சுமார் 2,900 கி.மீ. விமானத்துல 4 மணி நேரம், கொஞ்சம் கூட ஆகலாம். தேடினா இந்தக் கணக்குதான் வரும். எண்ணூர்க்காரருக்கு இது பொய்க்கணக்கு. ஏன்னு ஒரு டாக்டரா சொல்றேன்.

2/ அந்த 2,900, ரெண்டு ஏர்போர்ட்டுக்கு நடுவுல இருக்குற மிகக் குறுகிய தூரம். டிக்கெட்ல போட்டிருக்குற நேரம், விமானம் இங்க நகர ஆரம்பிச்சு அங்க போய் நிக்கிற வரைக்கும். உங்க வீட்டு வாசல் இதுல எங்கயும் கிடையாது.

3/ பக்கவாதம்னு வந்தா நாங்க முதல்ல கேக்குறது, "கடைசியா எப்ப நல்லா இருந்தார்?" ரத்தக்கட்டியைக் கரைக்கிற ஊசிக்கு அங்கேர்ந்து 4.5 மணி நேரம்தான் கெடு. கடிகாரம் வீட்லயே ஓட ஆரம்பிச்சிடும். ரோட்ல போன நேரத்தை யாரும் கழிச்சுக்க மாட்டாங்க.

4/ பயணத்தையும் அப்படியே எண்ணுங்க. எண்ணூர் – மீனம்பாக்கம் நேர்கோட்டுல சுமார் 30 கி.மீ. பறக்குற வேகத்துல ரெண்டு நிமிஷம். கன்டெய்னர் லாரி வரிசைக்குப் பின்னாடி போறவர் ரெண்டு மணி நேரம் கையில வெச்சுக்கிட்டுக் கிளம்பணும். வெளிநாட்டு விமானம்னா 3 மணி நேரம் முன்னாடியே அங்க இருக்கணும். ஆக வானத்துல 4, தரையில 5.

5/ "மெட்ரோ இருக்கே?" இருக்கு, நல்ல விஷயம். 2021 பிப்ரவரியில விம்கோ நகர் வரைக்கும் வந்துச்சு. அங்கேர்ந்து ஏர்போர்ட்டுக்கு ஒரே ரயில். ஆனா கத்திவாக்கத்தையும் எண்ணூரையும் தொடல. பெட்டியோட மின்சார ரயில்ல வந்து மாறணும். அதிகாலை விமானத்துக்கு அதுவும் உதவாது.

6/ இப்போ பரந்தூர். 2022 ஆகஸ்ட்ல அறிவிப்பு, 2025 ஏப்ரல்ல ஒன்றிய அரசோட கொள்கை அளவிலான ஒப்புதல். எண்ணூர்லேர்ந்து நேர்கோட்டுலயே சுமார் 70 கி.மீ. ஏகனாபுரம் மக்கள் நிலத்துக்காகப் போராடுறாங்க. வடசென்னையைத் தூரம் பத்தி யாரும் கேக்கவே இல்ல. பூந்தமல்லி – பரந்தூர் மெட்ரோவுக்குத் திட்டம் போட்டாச்சு. விம்கோ நகர் – எண்ணூர் சில கிலோமீட்டர் அப்படியே நிக்குது.

7/ "அங்க யாரு பறக்கப்போறா?"ன்னு கேக்குறவங்களுக்கு: வளைகுடாவுக்கும் சிங்கப்பூருக்கும் வேலைக்குப் போறவங்க, கப்பல்ல சேரப் போற பசங்க எல்லாரும் இந்தத் தெருக்கள்ல இருக்காங்க. பறக்காதவங்களுக்கும் இதே ரோடுதான். 108-ம் அதே லாரிக்குப் பின்னாடிதான் நிக்குது. மூளையோட பெரிய ரத்தக்குழாய் அடைச்சா நிமிஷத்துக்குச் சுமார் 19 லட்சம் நரம்பணு சாகுது.

8/ லாரி டிரைவரைத் திட்டாதீங்க. துறைமுகத்துக்குள்ள போக அவரும் மணிக்கணக்கா சாப்பாடு தண்ணியில்லாம காத்துக்கிடக்குறார். ஒதுங்கி வழி விடணும்னு நினைச்சாலும் இடமில்ல.

9/ கேக்குறது மூணு: லாரிகள் ரோட்டை விட்டு ஒதுங்கி நிக்க இடம். எண்ணூர் வரைக்கும் மெட்ரோ. எந்த விமான நிலையத் திட்டத்துலயும் ஒவ்வொரு பகுதியிலேர்ந்தும் ஆகுற நேரத்தோட கணக்கு. ரன்வே நீளத்தை மீட்டர்ல சொல்றீங்க இல்ல? எண்ணூர் வாசல்லேர்ந்து எத்தனை நிமிஷம்னும் சொல்லுங்க.