உதை ஆர் வாங்கப் போறான்?

திறந்த மூலக் கையடக்க விளையாட்டுக் கணினிகள் பற்றிக் கதையெடுத்தால் எங்கட வயதுக்காரரே முதலில் கேட்பது இதைத்தான். லினக்ஸில ஓடும், கழட்டித் திருத்தலாம் எண்டெல்லாம் சொல்லிப் பார்த்தோம். "சந்தை இல்லையடா" எண்டு ஒரே போடு.

அவர்களுக்குத் தேவையான ஆதாரத்தை நாங்களே தாறம்: சிம்பியூட்டர். பெங்களூர் இந்திய அறிவியல் கழகப் பேராசிரியர்களும் என்கோர் கம்பனிக்காரரும் சேர்ந்து உருவாக்கிய லினக்ஸ் கையடக்கக் கணினி. வன்பொருள் வரைபடத்தைக்கூட பொது உரிமத்தில விட்டவர்கள். 2004 இல் அமிடா எண்ட பெயரில கடைக்கு வந்தது. ஆகக் குறைந்த விலை ஏறத்தாழ 10,000 இந்திய ரூபா. 50,000 போகும் எண்டு பார்த்தார்கள். ஓராண்டில் போனது 4,000 அளவில்தான்.

தோல்விதான், மறுக்கேல்லை. ஆனால் எதில தோல்வி? வாசிக்கத் தெரியாத கிராமத்து ஏழைக்கெண்டு செய்துவிட்டு, அவனால் வாங்கேலாத விலையைப் போட்டதில. திறந்த வரைபடம் என்ன பாவம் செய்தது?

பண்டோராவைப் பாருங்கோ. (வன்பொருள் முழுக்கத் திறந்ததில்லை, அதையும் சொல்லிவிடுவோம்.) பின்னால பெரிய கம்பனி இல்லை. 2008 செப்டெம்பரில், பொருளே இல்லாமல் முற்பணம் வாங்கினார்கள். முதல் தொகுதி 4,000. அனுப்பத் தொடங்கினது 2010 இல். கனபேர் அதுக்குப் பிறகும் காத்திருந்தவை, திட்டினவை. ஆனாலும் அடுத்த கருவியான பைராவுக்கு 2016 இல் முற்பணம் கட்ட ஆக்கள் இருந்தவை. சிம்பியூட்டரை விழுத்தின அதே 4,000 இவைக்குப் போதும். இணுவிலில் இதை விளங்கப்படுத்த வேணுமே? சீட்டுக் கட்டுறதும் இதுதானே: ஆள் எத்தனை எண்டு முதலே தெரியும், காசு முதலே விழும். ஊர் முழுக்கச் சேரத் தேவையில்லை.

ஸ்டீம் டெக்கும் லினக்ஸில ஓடித்தானே விற்குது எண்டு கேட்பியள். அதுக்குப் பின்னால வால்வ் கம்பனியின் கடை இருக்கு. அந்தக் கணக்கு வேற.

தொண்ணூறுகளில, பொருளாதாரத் தடைக்குள்ள பற்றறி வராத காலம், எங்கட அம்மா அப்பாக்கள் சைக்கிள் டைனமோவைச் சுத்தி றேடியோ கேட்டவை. ஒருத்தரும் சந்தை ஆய்வு செய்யேல்லை. மூடி கழன்றது, வயர் கொழுவ இடமிருந்தது. இண்டைக்குப் பற்றறி ஊதின போனைக் கொண்டுபோனால், "எல்லாம் ஒட்டிக்கிடக்கு தம்பி, புதுசு எடுங்கோ" எண்டுதான் பதில் வருது. அந்தப் புதுசுக்கு மட்டும் நல்ல சந்தை இருக்கு.