உலை அவருடையது, ஓடை?

இரும்புத் தாதைக் கழுவினால் ஓடை கலங்கும், மீன் செத்துப்போகும் என்று ஸ்டெர்க்ராடெ மடத்துக் கன்னியாஸ்திரீகள் எதிர்ப்புத் தெரிவித்தார்கள். எதிர்த்தரப்பில் நின்றவரும் கோயில்காரர்தான். மூன்ஸ்டர் பேராலயக் குருமன்றத்தைச் சேர்ந்த ஃபிரான்ஸ் ஃபெர்டினாண்ட் ஃபொன் வெங்கே, ஜெர்மனியின் ரூர் பகுதியில் முதல் ஊதுலையைக் கட்ட முனைந்தவர். 1740-களில் தொடங்கிய முயற்சிக்குக் கொலோன் பேராயரின் அனுமதி 1753-இல்தான் கிடைத்தது. அங்கே பேராயர்தான் ஆட்சியாளரும். உலையில் தீ மூட்டியது 1758 அக்டோபர் 18. அதற்குப் புனித அந்தோணியார் பெயரை வைத்தார்கள்.

இரும்பாலை முதலாளி என்றதும் நிலம், இயந்திரம், ஆள்கட்டு எல்லாவற்றையும் தன் பெயரில் வைத்திருப்பவரைத்தான் நாம் நினைத்துக்கொள்கிறோம். அதே நினைப்போடு 18-ஆம் நூற்றாண்டு ஜெர்மனியைப் படித்தால் கணக்கு உதைக்கும். வெங்கேவின் சொத்து என்று சொல்ல உலையும் அதைச் சுற்றிய கட்டடங்களும் இருந்தன. தாது ஆட்சியாளரின் உரிமை. அவர் எழுதிக்கொடுத்தால்தான் மண்வெட்டி இறங்கும். ஓடைத் தண்ணீரில் பலருக்குப் பங்கு. கரிக்கான மரம் பெரும்பாலும் வேறொருவர் காட்டில் நின்றது.

இவற்றில் ஒன்று குறைந்தாலும் என்ன ஆகும் என்பது உலையருகே போனால்தான் விளங்கும். மேல்வாயில் மரக்கரி, தாது, சுண்ணாம்புக்கல் என்று இரவு பகலாகக் கூடை கூடையாகக் கொட்டுவார்கள். ஓடை சக்கரத்தைச் சுற்றும், சக்கரம் துருத்தியை அழுத்தும். அடியில் களிமண் அடைப்பைக் கம்பியால் குத்தித் திறந்தால் உருகிய இரும்பு ஓடிவரும். அதைப் பிடித்துப் பானை, சட்டி, எடைக்கல் அச்சுகளில் ஊற்றுவார்கள். ஒருமுறை மூட்டிய உலை மாதக்கணக்கில் அணையக் கூடாது. கோடையில் ஓடை வற்றினாலும் குளிரில் உறைந்தாலும் துருத்தி நின்றுவிடும். உள்ளே கிடப்பது இறுகிப் பாறையாகும். ஜெர்மன் உலைக்காரர்கள் அந்தக் கட்டியைப் பெண்பன்றி என்றார்கள். அதை வெளியே எடுக்க உலையையே உடைக்க நேரும். கரியையும் வெகுதூரத்திலிருந்து கொண்டுவர முடியாது, வண்டி குலுங்கக் குலுங்கத் தூளாகிவிடும்.

ஆகவே முதலாளியின் நாள் உலையடியில் கழியவில்லை. விண்ணப்பம், வழக்கு, கடன் என்று காகிதத்தோடுதான் கழிந்தது. பானை விற்றுக் காசு வருவதற்கு வெகுமுன்பே கரிக்காரருக்கும் வண்டிக்காரருக்கும் கொடுத்தாக வேண்டும். தொழில் தெரிந்த எபர்ஹார்ட் ஃபாண்ட்ஹோஃபரே இதில்தான் விழுந்தார். அந்தோணியார் உலையைக் குத்தகைக்கு நடத்தியவர், பிரஷ்ய அரசின் அனுமதியோடு 1780-களின் தொடக்கத்தில் ஸ்டெர்க்ராடெயில் தனியாக ஓர் உலை கட்டினார். அதற்கு ‘நன்னம்பிக்கை’ என்று பெயர். கடன் கழுத்தை நெரித்தது. (ஃபாண்ட் என்றால் ஜெர்மனில் அடகு. மனிதர் பெயரிலேயே சுமந்திருக்கிறார்.)

கடன் கொடுத்தவர் எசன் நகர வணிகர் ஹெலேனே அமாலியே க்ருப். 1757-இல், 25 வயதில் கணவரை இழந்து, கடையைத் தாமே நடத்திப் பெருக்கியவர். இரும்பு அவர் தொழிலே அல்ல. ஆனாலும் நூற்றாண்டு திரும்பும் வேளையில் உலை அவர் கைக்கு வந்தது. க்ருப் என்றால் எஃகு, பீரங்கி என்று எழுதிப் பழகியவர்கள் இந்த அம்மாளின் கணக்குப் புத்தகத்தை ஒரு வரியில் தாண்டிவிடுகிறார்கள். எனக்கு அதுதான் மொத்தக் கதைக்கும் திறவுகோலாகப் படுகிறது. 1807-இல் உலையைப் பேரன் ஃபிரீட்ரிக்கிடம் ஒப்படைத்தார். பானை சட்டியை ஒதுக்கிவிட்டு நீராவி இயந்திர உறுப்புகளை வார்க்கப்போன பையன் நட்டப்பட்டான். பாட்டி தயங்கவில்லை, 1808-இல் உலையை விற்றுவிட்டார்.

வாங்கியவர்கள் யாக்கோபி, ஹானியல், ஹூய்சன் கூட்டாளிகள். அந்தோணியார் உலை, நன்னம்பிக்கை, எசன் மடத்தலைவி தொடங்கிவைத்த புது எசன் உலை மூன்றும் அவர்கள் நிறுவனத்தின் கீழ் வந்தன. சில மைல் தூரத்துக்குள் இருந்த மூன்றும் கட்டப்பட்டபோது மூன்று வெவ்வேறு ஆட்சிகளின் மண்ணில் நின்றவை. அந்த ஆட்சிகளில் இரண்டு, பேராயருடையதும் மடத்தலைவியுடையதும், 1803-க்குள் இல்லாமல் போயிருந்தன.