தப்பான கணக்கு

முன்பு நான் வேலை பார்த்த ஆபீஸில் இரண்டு ரவி. ஒருத்தன் கேன்டீனில் கடன் வைப்பான். கேன்டீன்காரர் இன்னொருத்தன் சட்டையைப் பிடிப்பார். 'நான் அவன் இல்லீங்க' என்று சொல்லியே அவனுக்குப் பாதி சர்வீஸ் போச்சு!

கங்கைச் சுறா கதையும் இதேதான் சார். கங்கையில் மனுஷனைக் கடித்த பழி ரொம்ப காலம் இதன் தலையில். கடித்தது காளைச் சுறாவாக இருக்கலாம் என்கிறார்கள் விஞ்ஞானிகள். அதுவும் கடலிலிருந்து ஆற்றுக்குள் வரும். கிட்டத்தட்ட அதே ஜாடை. பி.காம். பாஷையில், தப்பான லெட்ஜரில் என்ட்ரி!

1839-லேயே பெயர் வைத்தாச்சு. ஆனால் ஆசாமியைப் பார்த்தவர்கள் ரொம்பக் குறைவு. பிறகு வந்தது அணை, வலை, சாக்கடை. 2001-ல் புலி இருக்கிற அதே முதல் அட்டவணையில் இதையும் சேர்த்தார்கள். பிடித்தால் ஜெயில்!

2016 பிப்ரவரியில் ஒன்று அகப்பட்டது. கங்கையில் இல்லை, மும்பை சசூன் டாக்கில்! எட்டே முக்கால் அடி பெண் சுறா. பத்து வருஷத்துக்கு மேல் கண்ணில் படாதது, மீனோடு மீனாக, பிணமாக வந்து இறங்கியது.

வலை அரசிதழ் படிப்பதில்லை. படகில் இருப்பவருக்கு எது காளை, எது கங்கை என்று அடையாளம் காட்டிக் கொடுக்காதவரை சட்டம் பீரோவில்தான் தூங்கும்.

ரவியாவது வாய்விட்டுச் சொன்னான். இதற்கு வாய் இருக்கு, வாய் நிறையப் பல்லும் இருக்கு. 'நான் அவன் இல்லீங்க' என்று சொல்லத்தான் முடியலை!