ஃபார்மட் அடிக்கிறதுக்கு முன்னாடி தேதியைப் பாருங்க

லேப்ல ஒரு பழைய விண்டோஸ் 7 சிஸ்டம் லாகின் ஆகலைன்னா, நம்ம பசங்க முதல்ல சொல்றது ஒண்ணுதான்: "ஃபார்மட் அடிச்சிடலாம்டா." இந்தப் பழக்கத்தை நாம் விட வேண்டும் என்பது என் கருத்து.

பாஸ்வேர்டு சரி, கேபிள் சரி. ஆனாலும் கிளையன்ட்டுக்கும் சர்வருக்கும் நேர வித்தியாசம் இருக்கிறது என்று திரையில் ஒரு வரி வருகிறதா? அதை முழுசா படிங்க. டொமைனில் சேர்ந்த கணினி, லாகினுக்கு கெர்பரோஸ் முறையைப் பயன்படுத்துகிறது. ஒருவர் அனுப்பிய தகவலை நடுவில் பிடித்து, இன்னொருவர் பிறகு அனுப்பி ஏமாற்றக் கூடாது என்பதற்காக அதில் நேரமும் சேர்ந்தே போகும். விண்டோஸ் டொமைனில் வழக்கமாக 5 நிமிட வித்தியாசம் வரைதான் ஏற்கும். மதர்போர்டில் இருக்கும் சிஆர் 2032 பேட்டரி தீர்ந்துவிட்டால், மெயின் ஸ்விட்ச்சை அணைத்ததும் தேதி பல வருஷம் பின்னாடி போயிடும். அப்புறம் சரியான பாஸ்வேர்டு போட்டாலும் உள்ளே விடாது.

ஃபார்மட் பண்ணினாலும் தீர்ந்த பேட்டரி தீர்ந்ததுதான். கரண்ட் போனால் அதே கதை திரும்ப வரும். ஆனா டெஸ்க்டாப்ல யாரோ வச்சிருந்த புராஜெக்ட் ரிப்போர்ட் திரும்ப வராது. பயாஸுக்குள்ள போய் தேதியைச் சரி பண்ணுங்க. பேட்டரியை மாத்துங்க. அவ்வளவுதான் வேலை.

"2020 ஜனவரியோட மைக்ரோசாஃப்டே சப்போர்ட்டை நிறுத்திட்டாங்க, இதுக்கு எதுக்கு மெனக்கெடணும்?" என்று கேட்பீர்கள். நியாயம்தான், அந்த சிஸ்டத்தை மாற்றத்தான் வேண்டும். ஆனால் பழசை மாற்றுவது வேறு, காரணம் தெரியாமல் அழிப்பது வேறு. காரணத்தைத் தேடத்தானே நாலு வருஷம் இங்க படிக்கிறோம்?