சிரிக்காத இரண்டு பேர்

திங்கட்கிழமை காலை பதினொரு மணி வரை எங்கள் செக்‌ஷனில் யாரும் வேலையைத் தொடமாட்டோம். (அதற்குப் பிறகு தொடுகிறோமா என்பது எங்களுக்கும் மேனேஜருக்கும் இடையிலான சொந்த விவகாரம்.) அந்த நேரம் ஞாயிற்றுக்கிழமை எடுத்த போட்டோக்களை ஒருவருக்கொருவர் காட்டிக் கொடுமைப்படுத்துவதற்கென்றே ஒதுக்கப்பட்டது.

போன வாரம் மாட்டினது நான். புதுசாக வேலைக்குச் சேர்ந்திருக்கும் பையன், குடும்பத்தோடு தீம் பார்க் போய்விட்டு வந்திருந்தான். செல்போனில் மொத்தம் 214 போட்டோ. எல்லாவற்றிலும் ஒரே போஸ்தான். இரண்டு கையும் மேலே, வாய் திறந்தபடி, போலீஸ் துப்பாக்கியைக் காட்டிய மாதிரி. நூற்றுப் பத்தாவது போட்டோ வாக்கில் எனக்கு ஒரு சந்தேகம்.

"ஏம்ப்பா, உங்கப்பா வரலையா?"

"வந்தாரே ஸார்! பேக், செருப்பு, செல்லு எல்லாத்தையும் வச்சுக்கிட்டு பெஞ்சுல உட்கார்ந்திருந்தார்."

இதுதான் ஸார் விஷயமே! எந்த ஊர் பார்க்கில் வேண்டுமானாலும் பாருங்கள், மர நிழலில் ஒரு பெஞ்சு இருக்கும். அதில் ஒரு அப்பா இருப்பார். அவரைச் சுற்றி எட்டு ஜோடி செருப்பு, நாலு பை, ஈர டவல், பாதி குடித்த தண்ணீர் பாட்டில். கோயில் வாசலில் டோக்கன் போடுகிறவர் தோற்றுப் போவார்.

வேடிக்கை என்னவென்றால், தீம் பார்க் என்கிற சமாசாரமே அப்படி பெஞ்சில் உட்கார்ந்த ஒரு அப்பாவின் எரிச்சலில் பிறந்ததுதான். வால்ட் டிஸ்னி லீவு நாட்களில் தன் இரண்டு பெண்களையும் லாஸ் ஏஞ்சல்ஸில் உள்ள கிரிஃபித் பார்க்குக்குக் கூட்டிக்கொண்டு போவார். குழந்தைகள் குதிரை ராட்டினத்தில் சுற்றும். இவர் பெஞ்சில் உட்கார்ந்து கடலை கொறிப்பார். 'பெற்றவர்களும் பிள்ளைகளும் சேர்ந்து ஜாலியாக இருக்கிற மாதிரி ஒரு இடம் இருந்தால் என்ன?' என்று அப்போதுதான் அவருக்குத் தோன்றியதாம். 1955 ஜூலை 17-ம் தேதி டிஸ்னிலேண்ட் திறந்தார்கள். எழுபது வருஷம் ஓடிவிட்டது. ராட்டினம் தலைகீழாகவே சுற்றுகிறது. அப்பா மட்டும் இன்னமும் அதே பெஞ்சில்தான். கடலை விலை ஏறியிருக்கிறது, அவ்வளவுதான்.

என் அப்பாவும் பெஞ்சு கேஸ்தான். ஒரே ஒரு தடவை எழுந்தார்.

அப்பா அரசாங்க ஆபீஸில் ஹெட் கிளார்க். சிரிக்கமாட்டார். கோபக்காரர் என்றெல்லாம் இல்லை. சிரிப்பதற்கு மேலிடத்திலிருந்து சாங்ஷன் வரவில்லை என்கிற மாதிரி ஒரு முகம். 'திருவிளையாடல்' படத்தை ரீ-ரிலீஸில் பார்க்க எங்களைக் கூட்டிக்கொண்டு போனார். தருமியாக நாகேஷ் புலம்பப் புலம்ப தியேட்டரே உருண்டு கொண்டிருக்கிறது. அப்பா மட்டும் ஆடிட் அப்ஜெக்‌ஷன் படிக்கிற மாதிரி பார்த்துக்கொண்டிருந்தார். வெளியே வந்ததும், "நல்லா பண்ணியிருக்கான்" என்றார். அவ்வளவுதான். அம்மாவுக்கே, "இவ்வளவு பேசிட்டாரே!" என்று ஆச்சரியம்.

1994 மே மாசம். எனக்குப் பதிமூணு வயசு, தங்கச்சிக்கு எட்டு. மெட்ராஸுக்கு இன்னும் சென்னை என்று பெயர் மாற்றாத காலம். பக்கத்து வீட்டுப் பையன்கள் வி.ஜி.பி. கோல்டன் பீச் போய்விட்டு வந்து பண்ணின அலட்டல் தாங்காமல், நானும் தங்கச்சியும் இரண்டு நாள் பால் குடிக்காமல் சத்தியாகிரகம் செய்தோம். (மூன்றாம் நாள் அம்மா அந்தப் பாலைத் தயிராக்கிவிட்டாள்.) கடைசியில் அப்பா, "ஞாயித்துக்கிழமை போகலாம்" என்றார்.

ஈஞ்சம்பாக்கம் என்பது எங்கள் மாம்பலத்துக்கு அப்போது வெளிநாடு மாதிரி. பல்லவன் பஸ்ஸில் திருவான்மியூர். அங்கிருந்து மகாபலிபுரம் ரோட்டில் இன்னொரு பஸ். அம்மா மடியில் புளியோதரை, தயிர்சாதம் அடுக்கின டிபன் கேரியர். உள்ளே போனால் சாப்பிட நேரமிருக்காது என்று பதினோரு மணிக்கே ரோட்டோரச் சவுக்கு நிழலில் உட்கார வைத்துப் பரிமாறிவிட்டாள்.

வி.ஜி.பி. என்றால் எங்களுக்குத்தான் கடற்கரை. அப்பா தலைமுறைக்கு அது தவணை. வி.ஜி. பன்னீர்தாஸ் கம்பெனிதானே ரேடியோவையும் ஃபேனையும் மாசத் தவணையில் கொடுத்து, சம்பளக்காரர்கள் வீட்டில் பாட்டும் காற்றும் வரவழைத்தது! எங்கள் வீட்டு சீலிங் ஃபேனும் அப்படி வந்ததுதான். டிக்கெட் கவுன்ட்டரில் நாலு பேருக்கு என்ன ஆகும் என்று கேட்ட அப்பா, தொகையைக் கேட்டுவிட்டு ஒரு நிமிஷம் யோசித்தார்.

"இதுக்குத் தவணை உண்டா?"

கவுன்ட்டரில் இருந்தவர் விழுந்து விழுந்து சிரித்தார். அப்பா சிரிக்கவில்லை. அது ஜோக்கா, நிஜமான விசாரணையா என்று எங்கள் வீட்டில் இன்று வரை இரண்டு கட்சி இருக்கிறது.

உள்ளே போனால், ஒரு கூட்டம். நடுவில் ராஜா காலத்துக் காவலாளி டிரெஸ், பெரிய மீசையோடு ஒரு ஆள் ஆடாமல் அசையாமல் நிற்கிறார். சிலை மனிதர்! பார்க்காதவர்களுக்குச் சொல்கிறேன்... அது பொம்மை இல்லை, ஆள். லண்டனில் அரண்மனை வாசலில் விறைப்பாக நிற்கும் காவலர்களைப் பார்த்துவிட்டு வந்து இங்கே ஏற்பாடு செய்தது என்று சொல்வார்கள். யாரும் தொடக்கூடாது. தொடாமல் அவரைச் சிரிக்க வைத்துவிட்டால் பரிசு. எங்கள் வயசுப் பிள்ளைகளுக்கு ஜெயன்ட் வீலைவிட அவர்தான் பெரிய விஷயம்.

என்னென்னவோ பண்ணினார்கள். ஒரு காலேஜ் கோஷ்டி டப்பாங்குத்து ஆடியது. ஒரு மாமி தன் வீட்டுக்காரர் குறட்டை விடுவதை விட்டுக் காட்டினார். (வீட்டுக்காரர் பக்கத்திலேயே நின்றார், பாவம்.) நான் குரங்கு சேஷ்டை செய்தேன். அதற்கு எனக்குப் பயிற்சியே தேவையில்லை என்றாள் தங்கச்சி. ம்ஹும். அந்த மனுஷருக்கு இமைகூட அசையவில்லை.

அப்போதுதான் தங்கச்சி கத்தினாள். "அப்பா! நீங்க போங்கப்பா! நீங்களும் சிரிக்க மாட்டீங்க, அவரும் சிரிக்க மாட்டாரு. சரியா இருக்கும்!"

பெஞ்சில் டிபன் கேரியரோடு உட்கார்ந்திருந்த அப்பா நிமிர்ந்து பார்த்தார். "கண்டதையும் பேசாதே" என்பார் என்று நாங்கள் காத்திருந்தோம். அவரோ டிபன் கேரியரை அம்மாவிடம் கொடுத்தார். சட்டையை இழுத்து விட்டுக்கொண்டார். நேரே போய் அந்த மனிதருக்கு எதிரே நின்றார்.

இரண்டு பேரும் ஒருவரையொருவர் பார்க்கிறார்கள். பார்க்கிறார்கள். பார்த்துக்கொண்டே இருக்கிறார்கள். "இதுல சிலை யாரு ஸார்?" என்று பின்னாலிருந்து எவனோ கேட்டான். கூட்டம் கூடிவிட்டது. எனக்கு மானம் போகிறது.

அப்போதுதான் அது நடந்தது. அப்பாவின் முகத்தில் ஒரு மாற்றமும் இல்லை. ஆனால் காது ஆடியது!

சத்தியமாக, ஸார். இரண்டு காதும் பசுமாடு ஈ ஓட்டுகிற மாதிரி முன்னும் பின்னும் போய்வந்தன. முதலில் வலது, அப்புறம் இடது, அப்புறம் ஜோடியாக. மூக்குக்கண்ணாடி லிஃப்ட் மாதிரி ஏறி இறங்கியது. முகம் மட்டும் அதே ஹெட் கிளார்க் முகம்!

கூட்டம் 'ஹோ'வென்று அலறியது. காலேஜ் கோஷ்டி விசில் அடித்தது. அம்மா சிரித்த சிரிப்பில் டிபன் கேரியர் ஒரு பக்கம், அவள் ஒரு பக்கம் தரையில் உட்கார்ந்துவிட்டாள். கையிலிருந்த கண்ணாடி வளையல்கள் சலசலவென்று குலுங்க, கண்ணில் தண்ணீர் வழிய, "கல்யாணமாகி பதினாறு வருஷமாச்சு... இதைச் சொல்லவே இல்லையே இந்த மனுஷன்!" என்று அரற்றினாள்.

சிலை மனிதர் சிரிக்கவில்லை.

அப்பா இன்னும் கொஞ்சம் நெருங்கினார். குனிந்து அவர் காதருகே என்னவோ சொன்னார். திரும்பி வந்தார். டிபன் கேரியரை வாங்கிக்கொண்டு மறுபடி பெஞ்சில் உட்கார்ந்துவிட்டார். என்ன சொன்னீர்கள் என்று கேட்டதற்கு, "ஒண்ணுமில்லை, மணி கேட்டேன்" என்றார். காதை ஆட்டக் கற்றது கும்பகோணத்துப் பள்ளிக்கூடத்தில், கணக்கு வாத்தியார் வகுப்பில் என்பது மட்டும் பஸ்ஸில் வரும்போது தெரிந்தது. திரும்ப ஒருமுறை ஆட்டச் சொல்லி நாங்கள் கெஞ்சிப் பார்த்தோம். "வீட்டுக்குப் போய் ஹோம்வொர்க் பண்ணு" என்றார். மே மாசத்தில் என்ன ஹோம்வொர்க்?

அதற்கப்புறம் எத்தனையோ பார்க். 1995-ல் தாம்பரம் பக்கம் கிஷ்கிந்தா வந்தது. 'மை டியர் குட்டிச்சாத்தான்' 3-டி படம் எடுத்த நவோதயா அப்பச்சன் ஆரம்பித்தது. கிஷ்கிந்தா என்று பெயர் வைத்த இடத்துக்கு உங்களைக் கூட்டிப்போவது ரொம்பப் பொருத்தம் என்றாள் அம்மா, எங்களைப் பார்த்து. அலைக்குளம் என்று ஒன்றைக் கண்டுபிடித்தார்களே, அதில் எங்கள் பெரியப்பா வேட்டியோடு இறங்கி, வேட்டியில்லாமல் ஏறிய சரித்திரமும் உண்டு. எந்த ஊர், எந்த பார்க் என்று சொல்லமாட்டேன். பெரியப்பா இந்தப் பத்திரிகைக்குச் சந்தாதாரர்.

சரி, விஷயத்துக்கு வருகிறேன். 2025 டிசம்பரில் நம் ஊர்ப் பக்கமும் வொண்டர்லா திறந்தார்களே, அங்கே போகவேண்டும் என்று என் பையன் நச்சரித்தான். அப்பாவுக்கு இப்போது எழுபத்தெட்டு. வரமாட்டார் என்று நினைத்தேன். செருப்பு மாட்டிக்கொண்டு முதல் ஆளாக நின்றார். பையன் காலைத் தொங்கவிட்டுத் தலைகீழாகச் சுழற்றும் ரோலர் கோஸ்டருக்கு ஓடினான். என் மனைவியும் அம்மாவும் தண்ணீர்ப் பக்கம் போனார்கள். பெஞ்சில் நானும் அப்பாவும். மடியில் ஆறு பை. பதவி உயர்வு எனக்கும் கிடைத்துவிட்டது.

பேச்சுக்குக் கேட்டேன். "அன்னிக்கு அந்த சிலை மனுஷன்கிட்ட என்னப்பா சொன்னீங்க?"

அப்பா கொஞ்ச நேரம் ரோலர் கோஸ்டரையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"உங்க அத்தை கல்யாணத்துக்கு அம்மா வளையலை அடகு வச்சிருந்தேன்டா. ரெண்டு ஜோடி. பரிசுன்னு போர்டு பார்த்ததும், மீட்டுடலாம்னு ஒரு நப்பாசை. அதான் போனேன்."

எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. அந்தக் கண்ணாடி வளையல் சத்தம் முப்பது வருஷமாக எனக்கு அம்மாவின் சிரிப்போடு சேர்ந்த சத்தம். தங்கம் எங்கே என்று எனக்குக் கேட்கத் தோன்றினதே இல்லை.

"கிட்டப் போய்ப் பார்த்தா, மூக்கு நுனியில ஒரு சொட்டு வேர்வை நிக்குது. மே மாச வெயில். துடைக்க முடியாது அவனால. என்னைவிட இருபது வயசு சின்னவனா இருப்பான். எனக்கும் மாசச் சம்பளம், அவனுக்கும் மாசச் சம்பளம். நான் ஜெயிச்சா அவன் தோத்தான்னு ஆயிடுமேன்னு..."

"அதனால?"

"'சிரிச்சிடாதே தம்பி'ன்னு சொல்லிட்டு வந்துட்டேன்."

தொண்டையில் என்னவோ மாட்டிக்கொண்டது. பையை இந்தப் பக்கம் நகர்த்தி வைத்தேன், அந்தப் பக்கம் நகர்த்தி வைத்தேன்.

"அப்புறம் வளையல்?"

"மீட்டேனே. ஒரு ஜோடி பொங்கல் போனஸ்ல. இன்னொரு ஜோடி அடுத்த வருஷம்." பிறகு அதே ஆடிட் முகத்தோடு சொன்னார்: "தவணையில."

ரோலர் கோஸ்டரிலிருந்து இறங்கின பையன், தலை கலைந்து, மூச்சிரைக்க ஓடி வந்தான். என்னைப் பார்த்துவிட்டு நின்றான்.

"என்ன தாத்தா, அப்பா மூஞ்சி ஏன் ஒரு மாதிரி இருக்கு?"

அப்பா பதில் சொல்லவில்லை. மூக்குக்கண்ணாடியை ஒரு தடவை சரி செய்துகொண்டார். பையன் வாய் பிளந்து பார்க்க, வலது காது முதலில் ஆட ஆரம்பித்தது.